ஏரோது ராசாவின் ஆணையும் மஞ்சள் பெட்டியும்

ஒன்பது வயதில் நான் ஒரு தேர்தலில் ஜெயித்திருக்கிறேன். வேட்பாளராக நின்றவர் வேறொருவர், ஓட்டுப் போட்டவர்கள் வேறு பலர் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த வெற்றியில் என் பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். தூத்துக்குடியில் எங்கள் தெரு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீளமாகக் கிடக்கும். ஒரு கோடியில் எங்கள் சிறிய மாதா கோயில், மறு கோடியில் தோணி முதலாளியின் பங்களா. இடையில் இருந்தவை எல்லாம் பெண்களின் வீடுகள். அதாவது, எங்கள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது காரை வீடோ ஓலை வீடோ அவள் பேருக்கு எழுதிவிடுவார்கள். ஆண்கள் தோணியில் கொழும்புக்குப் போவார்கள், சங்கு குளிக்கப் போவார்கள், போனவர்களில் சிலர் திரும்ப மாட்டார்கள். கூரையாவது பெண்ணின் பேரில் நிற்கட்டும் என்று யாரோ முன்யோசனை உள்ளவர்கள் ஏற்படுத்திய வழக்கமாக இருக்க வேண்டும்.

இந்த வழக்கத்தால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அன்றைக்கு முனிசிபல் தேர்தலில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. வீட்டு வரி ரசீது பெண்ணின் பேரில் வந்ததால் ஓட்டும் அவளுக்கே வந்தது. கடலில் கப்பலுக்கே வழி சொல்லுகிற எங்கள் தெரு ஆண்களுக்கு ஓட்டு இல்லை. அவர்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவர்களுக்கு இருந்தது. என் அம்மாவுக்கும் இருந்தது.

அம்மாவுக்கு அந்த வருஷம் ஓட்டு ஏன் பெரிதாகப்பட்டது என்பதற்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியாக ஊருக்குள் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் அது தோணி முதலாளியின் பங்களா வரைக்கும் வந்து, அவருடைய ரோஜாச் செடிகளை நனைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டது. முதலாளிதான் எங்கள் வார்டு மெம்பர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்கு மணி வாங்கிக்கொடுத்தவர், திருநாளுக்குக் கொடிமரம் போட்டுக்கொடுத்தவர். அவருக்குத் தாகம் எடுத்ததில்லை, அவ்வளவுதான். நாங்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கிய உப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

முந்தின வருஷ மழையில் அந்த ஊற்றுகளில் தெருச் சாக்கடை கலந்து வாந்திபேதி வந்தது. தெருவில் மூன்று பிள்ளைகள் போனார்கள். மூன்றாவது என் தம்பி. நாலு வயது. முதல் நாள் காலையில் என் கருப்பட்டித் துண்டைப் பிடுங்கித் தின்றுவிட்டு ஓடினான், மறுநாள் மாலையில் அவனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அம்மா தேவைக்கு மட்டுமே பேசினாள். என்னைத் தண்ணீருக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டாள். அவளே ஊற்றிலிருந்து எடுத்து வந்து, அவளே காய்ச்சி, அவளே ஆற்றி, நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

காய்ச்சச் சொல்லிக்கொடுத்தது கம்பவுண்டர். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர், நாசரேத் பக்கத்துக்காரர். வாந்திபேதி வந்த நாட்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று கெஞ்சியவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் புராட்டஸ்டண்டு. எங்கள் பேச்சில் பதிதர், அதாவது வேதம் தவறியவர். மாதாவைக் கும்பிடாதவருக்கு மோட்சம் கிடையாது என்று எனக்கு ஐயமில்லாமல் தெரியும். இவ்வளவு நல்ல மனிதர் நரகத்துக்குப் போகப்போகிறாரே என்று அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு போவேன்.

அந்த வருஷம் தேர்தல் வந்தபோது கம்பவுண்டர், எங்கள் தெருவுக்குக் குழாய் கொண்டுவருகிறேன் என்று சொல்லி முதலாளிக்கு எதிராக நின்றுவிட்டார். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். முதலாளிக்கு நீலப் பெட்டி, கம்பவுண்டருக்கு மஞ்சள். நீலம் மாதாவின் போர்வை நிறம் என்பதை முதலாளி மறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தாள். அவள் அடித்தொண்டையில் பேசினாலும் கடற்கரை வரை கேட்கும். அத்தை முதலில் மஞ்சள் பெட்டிக்குச் சம்மதிக்கவில்லை.

"பதிதன் கொண்டுவார தண்ணியக் குடிச்சா நம்ம ஆத்துமம் என்னத்துக்குளா ஆகும்?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"ஆத்துலருந்து வாரது மதினி. அவரு பைப்புதான் போடுதாரு" என்றாள் அம்மா. அந்த மாதத்தில் அம்மா பேசிய நீளமான பேச்சு அதுதான். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் வாய் வழியாக நாலே நாளில் தெரு முழுவதும் மஞ்சளுக்கு மாறியது.

முதலாளி வீட்டில் இது தெரிந்துபோயிற்று. ஒரு சாயங்காலம் அவருடைய கணக்கப்பிள்ளை, முதலாளி வீட்டு மாதா சுரூபத்தை இரண்டு பேர் தூக்கிவர, முன்னால் மெழுகுதிரியோடு எங்கள் தெருவுக்குள் வந்தார். மாதா வீடு சந்திக்க வருவது எங்களுக்குப் பெரிய பாக்கியம். ஜெபமாலை மாதத்தில் ஒவ்வொரு வீடாக வருவாள். அன்று எந்த மாதம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வாசலில் தண்ணீர் தெளித்து, இருந்த நல்ல சேலையை விரித்து, முக்காடு போட்டு முழங்காலில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பக்தியாக ஜெபமாலையில் பத்து மணி உருட்டி ஜெபம் சொன்னார். முடிந்ததும், "மாதா பாதத்துல கை வச்சு, நீலப் பெட்டியிலதான் போடுவேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

முழங்காலில் நிற்கும்போது மாதாவுக்கு எதிரில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இருபத்தேழு வீட்டிலும் கை வைத்தார்கள். அம்மாவும் வைத்தாள். மாதா தெருக்கோடி போய்ச் சேர்ந்த பிறகுதான் பெண்களுக்கு நடந்தது என்னவென்று உறைத்தது. அதற்குள் சுரூபம் பங்களாவுக்குள் போய்விட்டது.

ஓட்டுப் பெட்டியைத் திரை மறைவில் வைப்பார்கள், யார் எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று கம்பவுண்டரின் ஆள் வந்து தைரியம் சொன்னான். அவனும் நாசரேத்துக்காரன், அவனுக்கு எங்களைப் பற்றித் தெரியவில்லை. திரைக்குப் பின்னால் முதலாளி வர மாட்டார். மாதா வருவாளே. அத்தைகூட அன்று குரல் இறங்கிப்போய், மாற்றிப் போட்டுவிடலாமா என்று அம்மாவிடம் சாடையாகக் கேட்டாள்.

"ஒண்ணு போயிட்டு மதினி. மாதா மேல வச்ச சத்தியத்த முறிச்சு, இருக்க ஒண்ணையும் விட்டுட மாட்டேன்" என்றாள் அம்மா. இருக்கிற அந்த ஒன்று நான். சத்தியத்தை முறித்தால் பிள்ளைக்கு ஆகாது. காப்பாற்றினால் அடுத்த மழைக்கும் அதே ஊற்றுத் தண்ணீர். அம்மா இரண்டு நாள் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா முதலாளியின் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார், அவரிடம் கேட்கவும் வழியில்லை.

சனிக்கிழமை அம்மா கோயிலுக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நானும் கூடப் போய் வரிசையில் இருந்தேன். மற்றவர்கள் ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரத்தில் எழுந்து வந்தார்கள். அம்மா போனவள் வரவேயில்லை. என் அம்மாவுக்கு இவ்வளவு பாவம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே வெட்கம். பின்னால் இருந்த கிழவி வேறு செருமிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக வெளியே வந்த அம்மாவின் முகம் அழுது கழுவினது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், வேதப் பாடம் கேள்வி பதிலாக இருக்கும் என் ஞானோபதேசப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "பத்துக் கட்டளையில ரெண்டாம் கற்பனையில, ஆணை இடுகதப் பத்தி ஒரு கேள்வி இருக்காம். அத மனப்பாடமாப் படி. சாமி எனக்குக் குடுத்த அபராதம் அதுதான்" என்றாள்.

பாவம் செய்தவள் அம்மா, படிக்க வேண்டியவள் நானா என்று எனக்குக் கோபம். பத்து அருள் நிறை மந்திரம் சொல்லிவிட்டுப் போகாமல் இது என்ன தண்டனை? ஆனாலும் மறுநாள் மாலையில்தான் கோயிலில் வருஷாந்தர ஞானோபதேசப் பரீட்சை. எப்படியும் படிக்கத்தான் வேண்டும். அம்மா என்னை அந்த ஒரு கேள்வியையே இருபது தடவை சொல்லவைத்தாள். கடைசியில் அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பரீட்சை எங்கள் தெருவுக்கு ஒரு திருவிழா மாதிரி. ஆசீர்வாதம் முடிந்ததும் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும், தாய்மார்கள் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், சாமியார் சபைக்கு முன்னால் கேள்வி கேட்பார். பரிசு முதலாளியின் உபயம். ஆகவே அவர் வலப்பக்கம் நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை, பரிசுத் தட்டோடு.

எங்கள் சாமியார் ஒல்லியான மனிதர், பிரசங்கத்தில் அரசியல் பேசாதவர். ஓட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மற்ற பிள்ளைகளிடம் சர்வேசுரன் யார், தேவதிரவிய அனுமானங்கள் எத்தனை என்று வழக்கமானதைக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்.

"பிறருக்குத் தீங்கு வரும்படியான காரியத்தைச் செய்வதாக ஆணையிட்டவன், அந்த ஆணையை நிறைவேற்றக் கடமைப்பட்டவனா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, என்னால் முடிந்த உச்சக் குரலில் சொன்னேன். "இல்லை சாமி. அப்படி ஆணையிட்டதும் பாவம், அதை நிறைவேற்றுவது அதிலும் பெரிய பாவம். அந்த ஆணை அவனைக் கட்டாது."

"இதற்கு வேதாகமத்தில் திருஷ்டாந்தம் உண்டா?"

"உண்டு சாமி. ஏரோது ராசா, ஆடின பெண்ணுக்கு எதைக் கேட்டாலும் தருவேன் என்று ஆணையிட்டான். அவள் ஸ்நாபக அருளப்பரின் தலையைக் கேட்டாள். ஆணையைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் தலையை வெட்டிக் கொடுத்தான்."

"அவன் என்ன செய்திருக்க வேண்டும்?"

இது புத்தகத்தில் இல்லாத கேள்வி. என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். "போளா, தர மாட்டேன்னு சொல்லியிருக்கணும் சாமி. பொறவு பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடலாம்."

கோயிலில் சிரிப்பு எழும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு பெருமூச்சு கிளம்பியது, ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போனது. சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரியான விடை என்றார். அதையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

முதல் பரிசு எனக்கு. சிப்பி மணி கோத்த ஜெபமாலை. முதலாளியே தன் கையால் கொடுத்தார். என் தலையில் கை வைத்து, கெட்டிக்காரி என்றார். அவர் காதில் விழுந்தது ஏரோது கதை மட்டும்தான். கணக்கப்பிள்ளையின் முகம் மட்டும் புளித்துப்போய் இருந்தது.

கோயிலை விட்டு வெளியே வரும்போது அத்தையின் குரல் பழையபடி கடற்கரை வரை கேட்டது. ஏரோதுக்கு அன்றைக்கு ஒரு மஞ்சள் பெட்டி கிடைக்காமல் போயிற்றே என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனாள். அதைச் சுற்றி ஒரே சிரிப்பு. எனக்கோ என் ஜெபமாலையை யாரும் வாங்கிப் பார்க்கவில்லையே என்று குறை.

ஓட்டுப் போடும் நாள் விடிந்தது. பெண்கள் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நற்கருணை வாங்கப் போவதற்கு உபவாசம் இருப்பது எங்கள் வழக்கம். ஓட்டுக்கும் அப்படித்தான் என்று யார் முதலில் நினைத்தார்களோ தெரியவில்லை, தெரு முழுவதும் பட்டினி கிடந்தது. குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சேலை உடுத்தி, முக்காடு போட்டு, இரண்டிரண்டு பேராக முனிசிபல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். நான் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பள்ளிக்கூடத்து வாசலுக்கு எதிரே கணக்கப்பிள்ளை அதே மாதா சுரூபத்தை மேசை போட்டு வைத்திருந்தார். சத்தியத்தை ஞாபகப்படுத்தத்தான். எங்கள் தெருப் பெண்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, வாங்க வாங்க என்றார். ஒவ்வொருவராகப் போய் முழங்காலிட்டு, மாதாவின் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்துவிட்டு உள்ளே போனார்கள். ஒவ்வொரு முத்திக்கும் கணக்கப்பிள்ளையின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. மாதாவே வாசல் வரை துணைக்கு வந்திருக்கிறாள் என்று அத்தை அவரிடமே சொல்லி நன்றி செலுத்தினாள்.

அம்மாவின் முறை வந்தது. அவள் முழங்காலிட்டவள் எழுந்திருக்கவில்லை. வரிசை நிற்கிறது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அம்மா சுரூபத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"நீயும் பிள்ளையப் பறிகொடுத்தவதான தாயே."

பிறகு எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

உள்ளே நடந்தவற்றை அத்தை பல வருஷம் நடித்துக் காட்டியதால் எனக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். அத்தை பழக்கதோஷத்தில் அவற்றின் முன் முழங்காலை மடக்கிச் சிலுவை போட்டுவிட்டாள். திரைக்குக் கீழே அவள் காலைக் கண்ட அதிகாரி, என்னம்மா, விழுந்துவிட்டாயா என்று பதறிக் கேட்டாராம். நல்ல காரியம் தொடங்கும்போது அப்படித்தான் என்று இவள் பதில் சொன்னாளாம். எங்கள் தெருவில் அத்தனை பேரும் சிலுவை போட்டுவிட்டுத்தான் சீட்டைப் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் எண்ணினார்கள். கம்பவுண்டர் ஜெயித்தார். செய்தி வந்ததும் பெண்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். செம்பும் பித்தளையும் மண்ணுமாகக் குடங்களைத் தட்டிக்கொண்டு, கோயில் வாசலிலிருந்து பங்களா வாசல் வரை போய்த் திரும்பினார்கள். அப்படி ஒரு சத்தத்தை நான் பனிமய மாதா தேரோட்டத்தில்தான் கேட்டிருக்கிறேன். அம்மாவும் தட்டினாள். தட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

அப்பா கொழும்பிலிருந்து வந்தபோது, முதலாளியின் தோணியில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் வீட்டில் இருந்தார். பிறகு காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவரின் தோணியில் ஏறிக்கொண்டார். அவர் அம்மாவைத் திட்டுவார் என்று பயந்திருந்தேன். வீட்டுக்காரிக்குத்தானே ஓட்டு, எனக்கென்ன வந்தது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

கம்பவுண்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஈஸ்டர் என்கிற பாஸ்குப் பண்டிகை கழிந்த வாரத்தில் எங்கள் தெரு நடுவில் குழாய் நின்றது. திறந்ததும் முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது, பிறகு ஆறு வந்தது. கைகளைக் குவித்துக் குடித்தேன். அம்மா பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. முதல் தடவையாக என்னைத் தனியே குடிக்க விட்டுவிட்டு, குடத்தைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த மாதமே எங்கள் சாமியாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சாத்தான்குளத்துக்கு அப்பால், தேரிக்காட்டுக்குள் ஒரு பங்குக் கோயில். செம்மணலும் பனையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை, கோடையில் கோயில் கிணறும் வற்றிவிடும் என்று சொன்னார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, ஒரு மாட்டுவண்டி. தெருவே வழியனுப்ப நின்றது. பெண்கள் ஒவ்வொருவராகப் போய் ஸ்தோத்திரம் சொன்னார்கள். முதலாளி வரவில்லை. சாமியார் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் பரிசு யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் சாமி என்றேன். அவர் என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு வண்டியில் ஏறினார்.

அம்மா ஒரு குடம் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து, தூசி எழும்பாதபடி வண்டிக்கு முன்னால் பாதையில் ஊற்றினாள். அத்தை ஒரு குடம் ஊற்றினாள். பிறகு வீட்டுக்கொரு குடமாக, வண்டி போகப் போக, பங்களா வாசலைத் தாண்டும் வரை ஊற்றிக்கொண்டே நடந்தார்கள். எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

"ஏம்மா இம்புட்டுத் தண்ணியையும் தரையில கொட்டுத?" என்று கேட்டேன்.

"கொட்டட்டும்" என்றாள் அம்மா. அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, தம்பியின் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிப்பிக்கிற வாத்தியாரைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவார்கள். சாமியார்களுக்கும் அப்படித்தான் என்று நான் தீர்மானித்திருந்தேன். அன்று சபைக்கு நடுவில் நான் அவ்வளவு நன்றாகப் பதில் சொன்னதை யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்க வேண்டும், அதனால்தான் சாமிக்கு மாற்றல் கிடைத்தது என்று கழுத்தில் ஜெபமாலையோடு வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்பது விளங்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.